கலம் ஏழு, உட்பிரிவு ஆ

படிவம் பதினாலு பக்கம்.
மேல் மூலையில் நகலெடுத்து நகலெடுத்து
மங்கிப்போன கோபுர முத்திரை.
கடைசி நாள்: இன்று, மாலை ஐந்து மணி.
ஆள் போட மானியம் தருகிறார்களாம்
தகுதி உள்ள தீயணைப்பு நிலையங்களுக்கு.

புதுவயல் சாலையில் எங்கள் நிலையம்.
அனுமதித்த பணியிடம் பதினேழு.
பேரேட்டில் பதினொன்று.
அதில் இருவர் குன்றக்குடித் தேருக்கு,
ஒருவர் சிவகங்கை கோர்ட்டில் சாட்சிக்கூண்டில்,
இளஞ்செழியனுக்கு அம்மை போட்டிருக்கிறது,
மூன்று பேர் ராத்திரி முறை.
மிச்சம் நாலு,
இதை எழுதிக்கொண்டிருக்கும் என்னையும் சேர்த்து.

கலம் மூன்று கேட்கிறது:
பத்து கிலோமீட்டர் சுற்றளவில் மக்கள்தொகை?

அறுபத்துநாலு அறை, மூன்று கட்டு,
உத்தரம், நிலை, மாடிப்படி எல்லாம் பர்மாத் தேக்கு.
கணக்கெடுக்க வந்தவர் எழுதிப்போனது: ஒருவர்.
காவலுக்கு இருக்கும் அடைக்கலம்.
அடுத்த வீட்டில் அவரும் இல்லை, பூட்டு.
தலைக்கு இத்தனை ஆள் என்பது விதி.
தேக்குக்குத் தலை கிடையாது.

கலம் ஐந்து, தண்ணீர் ஆதாரம்.
ஊருணி என்று எழுதிவிட்டு
பக்கத்தில் பொடியாக,
கார்த்திகை முதல் மாசி வரை.

கலம் ஆறு.
மூன்று ஆண்டு முடிந்தபின் இவர்களுக்குச்
சம்பளம் யார் தருவார், உறுதிமொழி இணைக்கவும்.
நிலைய அலுவலர் சாத்தையா சிரித்தார்.
அவர் சிரித்து நான் பார்ப்பது இது ரெண்டாவது தடவை.
முன்னே ஒருமுறை
கிணற்றிலிருந்து தூக்கிவிட்ட மாடு
ஏறினதும் அவரையே முட்டியபோது.

கலம் ஏழு, அ: சென்ற ஆண்டு அழைப்புகள்.
அரிசி ஆலை உமிக்குவியல் ஒன்பது,
வைக்கோல் படப்பு முப்பத்தொன்று,
பாம்பு இருநூற்றுச் சொச்சம்.
பாம்பு தீ அல்ல என்கிறது அடிக்குறிப்பு.
கதண்டுக் கூடும் அல்ல,
குடத்துக்குள் தலை மாட்டிய பிள்ளையும் அல்ல.

ஆ: ஆள் பற்றாக்குறையால்
போகாமல் விட்ட அழைப்புகள் எத்தனை?
மூன்றுக்குக் குறைந்தால் தகுதியில்லை.

விட்டதே இல்லையே.
நாலு பேரோடு போயிருக்கிறோம்,
மூன்று பேரோடும்.
டிரைவர் வெள்ளைக்கண்ணு ஒரு கை பம்பிலும்
ஒரு கை குழாயிலுமாக நின்றிருக்கிறார்.
சித்திரையில் ஒரு மத்தியானம்
கண்டனூர்ப் பக்கம் படப்பு, பள்ளத்தூரில் மேல்மாடி,
ஒரே நேரத்தில்.
பள்ளத்தூருக்குப் போனோம்.
படப்புக்குத் தேவகோட்டை வண்டி வந்து சேர்ந்தபோது
பக்கத்துக் கொட்டகையும் சாம்பல்,
கட்டிப்போட்டிருந்த ஆடு ஏழு.
ஏட்டில் எழுதியிருக்கிறோம்: கவனிக்கப்பட்டது.

சைபர் போட்டால் மானியம் இல்லை.
மூன்று போட்டால் ஏன் போகவில்லை என்று
மெமோ மூன்று வரும்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
"உள்ளதை எழுதுய்யா" என்றார்.
உள்ளது எது சார்?

நாலு இருபதுக்குப் போன்.
கோட்டையூரில் தவிட்டு மூட்டைக் கிடங்கு.
நாலு பேரும் ஏறினால்தான் வண்டிக்கு அர்த்தம்.
கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு
வெள்ளைக்கண்ணுவின் செல் நம்பரைக்
கரித்துண்டால் கதவில் எழுதினேன்.
ஐந்தைந்து பூட்டுத் தொங்கும் வீதிகளில்
மணியடித்துக்கொண்டு போகும்போதுதான் உறைத்தது,
எங்களுடையதும் இப்போது
அப்படி ஒரு வீடு.

திரும்பும்போது ஏழு மணி.
காதுக்குள், மூக்குக்குள், பல்லிடுக்கில் தவிடு.
மேசைமேல் படிவம், அதன்மேல்
பழைய கறுப்புப் போன்.
தவறிய அழைப்பைக் காட்டாத ரகம்.
இந்த ரெண்டே முக்கால் மணி நேரத்தில்
அது அடித்ததோ என்னவோ,
சுவரில் இருந்த பல்லியைத்தான் கேட்க வேண்டும்.

ஈரக்கையோடு பேனாவைத் திறந்து
உட்பிரிவு ஆ-வில் எழுதினேன்:
தெரியாது.

சாத்தையா சார் படித்தார்.
மறுபடி படித்தார்.
கீழே கையெழுத்துப் போட்டு
நேற்றைத் தேதி எழுதினார்.